பாத்தி ஓரத்தில் நின்றுபோன பாடம்

இந்தப் பிப்ரவரி கடைசியில் மரக்காணம் போய் வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, ஒரு வகுப்பைப் பார்க்க.

வேலூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வரும் கல்வியாண்டில் ஒரு மாதமாவது எல்லாப் பாடங்களையும் ஒரே பொருளைச் சுற்றி நடத்த வேண்டும், அதற்குத் திட்டம் எழுதிக் கொடுங்கள் என்று பள்ளியில் கேட்டார்கள். நான் பாலாற்றை எடுத்துக்கொண்டேன். அறிவியலுக்கு மணல், கணக்குக்குப் பரப்பளவு, தமிழுக்கு ஒரு கட்டுரை என்று எழுதிப் பார்த்தால், ஐந்து புத்தகங்களுக்கு ஒரே அட்டை போட்ட மாதிரி இருந்தது. உள்ளே எதுவும் எதோடும் ஒட்டவில்லை. மூன்று முறை கிழித்துப் போட்டேன்.

என்னோடு பி.எட். படித்த சபீரா, மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய ஒரு கிராமத்தில் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. உப்பை வைத்தே எல்லாப் பாடமும் நடத்துகிறாள் என்று கேள்விப்பட்டுப் போன் செய்தேன். "போன்ல சொன்னா ஒண்ணும் புரியாதுடி. பஸ் ஏறி வா" என்றாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வேலூரில் ஏறி, ஆரணி, வந்தவாசி வழியாகத் திண்டிவனத்தில் இறங்கும்போது இரண்டு மணி. அங்கிருந்து மரக்காணம் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம். உப்பளம் எங்கே வரும் என்று கண்டக்டரிடம் கேட்டேன். "நீங்க தேடவே வாணாம்க்கா. கண்ணு கூசும்ல, அங்கதான்" என்றார். அப்படித்தான் இருந்தது. ஊர் நெருங்கும்போதே இரண்டு பக்கமும் வெள்ளை, நடுவில் தண்ணீர், தண்ணீரில் வானம். அடுத்த பஸ்ஸில் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிப் பக்கம் அரை மணி நேரம் போனால் கூனிமேடு, சபீராவின் வீடு. அன்று ராத்திரி அவள் வீட்டில் சாப்பிட்ட வஞ்சிர மீன் குழம்புக்குத் தனியாக ஒரு பதிவு எழுதலாம். எழுதினால் அவள் திட்டுவாள்.

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் பஸ்ஸில் அவள் பள்ளிக்குப் போனபோது, ஏழரைக்கெல்லாம் பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். பதினாறு பேர். மீன்பிடிக் குப்பத்திலிருந்து சிலர், விவசாய வீட்டுப் பிள்ளைகள் சிலர், மற்றவர்கள் உப்பளத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். தலைமை ஆசிரியரின் அனுமதி, உப்புப் பாத்திகளின் உரிமையாளரான பாத்திக்காரரின் அனுமதி, பெற்றோர் கையெழுத்து எல்லாம் வாங்கியிருந்தாள். பத்து நிமிட நடையில் உப்பளம் வந்துவிட்டது.

அங்கே நான் பார்த்தது எனக்குக் கிடைக்காமல் இருந்த விஷயம். கயிறு பிடித்துப் பாத்தியின் நீள அகலம் அளந்த பிள்ளைகளே, இவ்வளவு தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டார்கள். ஆவியாவதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஏன் தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றுகிறார்கள் என்று ஒருவன் கேட்டான், உப்புத்தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் வரைக்கும் பேச்சு போனது. எது கணக்கு, எது அறிவியல் என்று யாரும் மணியடித்துப் பிரிக்கவில்லை. நான் செல்போனில் படம் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மா பலகையைக் கீழே போட்டுவிட்டு வரப்பு வழியாக வேகமாக வந்தார். காவியா என்ற மாணவியின் அம்மா, பெயர் தேவகி.

"டீச்சர், எம் பொண்ண எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தீங்க?"

"பாடத்துக்குத்தாங்க. வீட்டுல கையெழுத்து வாங்கினோம்..." என்றாள் சபீரா.

"அவங்கப்பா போட்டிருப்பாரு. அவரு கொத்து வேலைக்குப் போறவரு, அவருக்கு என்னா தெரியும்? நான் இந்த வெயில்ல வேவுறதே இவ இதுல கால் வெக்கக் கூடாதுன்னுதான். ஸ்கூலுக்கு அனுப்புனா நீங்களே கொண்டாந்து எறக்குறீங்களே!"

காவியா கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டாள். மற்ற பிள்ளைகள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள். சபீரா இப்போது விளக்குவாள், இது வேலை கற்றுத்தர அல்ல, அனுபவக் கல்வி என்று சொல்வாள் என்று நான் காத்திருந்தேன்.

அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. "நீங்க கேக்குறது நியாயந்தாங்க. உங்கள மொதல்ல கேட்டிருக்கணும். இப்பவே கூட்டிட்டுப் போயிடுறேன். வேலை முடிஞ்சதும் ஸ்கூலுக்கு வர்றீங்களா? பசங்க முன்னாடியும் இதையே சொல்லுங்க" என்றாள். தேவகி திரும்பிப் போய்ப் பலகையை எடுத்துக்கொண்டார்.

திரும்பி நடக்கும்போது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நான் எடுத்துப்போக வந்த பாடம் பாதியில் நின்றுவிட்டதே என்றுதான் மனம் ஓடியது.

வகுப்புக்குள் போனதும் சபீரா கரும்பலகையில் ஒரே வரி எழுதினாள்: 'உப்பளத்துக்கு நாம் எதற்குப் போனோம்?'

"பரப்பளவு கண்டுபிடிக்க மிஸ்" என்றான் ஒருவன். காவியா குனிந்தே இருந்தாள். அடுத்து அவள்தான் கேட்டாள். "எங்கம்மாவுக்கு ராத்திரியில கண்ணு எரியுது மிஸ். அது ஏன்?"

அதற்குப் பிறகு வகுப்பைப் பிடிக்க முடியவில்லை. "எங்கப்பாவுக்கு காலு வெடிச்சிருக்குது." "தண்ணி வூட்டுலேந்து எடுத்துனு போவணும் மிஸ், சூடாயிடும்." "அங்க ஏன் ஒரு மரங்கூட இல்ல?" வெள்ளைப் பரப்பு வெளிச்சத்தை எப்படித் திருப்பி அடிக்கிறது என்று சபீரா சொன்னாள். உப்புநீர் தோலிலிருந்து ஈரத்தை எப்படி உறிஞ்சுகிறது என்ற கேள்வி வந்தபோது என்னைப் பார்த்தாள். மூலையில் நின்றிருந்த நான் சாக்பீஸை வாங்கிக்கொண்டேன். காலையில் பாத்தியில் கேட்ட அறிவியல்தான். ஆனால் இப்போது கேட்டவர்களுக்குப் பதில் அவசரமாகத் தேவைப்பட்டது. ஒரு பொருளைச் சுற்றிப் பாடங்களை அடுக்கிவிட்டால் முழுமை வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அந்தப் பொருளோடு வாழ்கிறவர்களை நானும் விட்டிருந்தேன், சபீராவின் திட்டத்திலும் அவர்கள் இல்லை.

பதினொரு மணிக்குமேல் தேவகி வந்தார். வாசலிலேயே நின்றவரைக் காவியாதான் போய்க் கூட்டிவந்து தன் இடத்தில் உட்காரவைத்தாள். விடியற்காலையில் எழுவது, வெயில் ஏறுவதற்குள் வாரி முடிக்கப் பார்ப்பது, மழை வந்தால் வேலையே இல்லாமல் போவது என்று முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"உப்பு வார்றப்ப என்னம்மா நெனப்ப?" என்று காவியா கேட்டாள்.

"எப்ப முடியும்னுதான்" என்றார் தேவகி. வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்துவிட்டார். பிறகு சபீராவைப் பார்த்து, "கூட்டிட்டுப் போங்க டீச்சர். ஆனா தொப்பி போடாம கூட்டிட்டுப் போவாதீங்க, வெயில் ஏர்றதுக்குள்ள கொண்டாந்து வுட்டுடணும். உப்ப மட்டும் படம் போடச் சொல்லாதீங்க, எங்க காலையும் போடச் சொல்லுங்க" என்றார்.

அடுத்த வாரம் பிள்ளைகள் வரைந்தார்கள். சபீரா அனுப்பிய படங்களில் வெடிப்பு வெடிப்பாகப் பாதங்கள், ஒவ்வொன்றுக்குக் கீழும் அது யாருடையது என்ற பெயர். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து பாத்திக்காரரைப் பார்த்து, உட்கார நிழலும் குடிக்கத் தண்ணீரும் வேண்டும் என்று பேசினார்களாம். அவர் ஒரு கீற்றுப் பந்தல் போட்டு, தண்ணீர் கேனும் வைத்திருக்கிறார். மற்ற உரிமையாளர்களின் பாத்திகளில் இன்னும் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: பிப்ரவரி முதல் ஜூன் வரை நல்ல காலம், மழைக்காலத்தில் உப்பு இருக்காது. காலை ஒன்பது மணிக்குள் பார்த்து முடித்துவிடுங்கள். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, மூடிய செருப்பு கட்டாயம். குதிகாலில் சின்ன வெடிப்பு இருந்தாலும் உப்புநீர் காட்டிக்கொடுத்துவிடும், என் அனுபவம். பாத்திக்குள் இறங்குமுன் உரிமையாளரைக் கேளுங்கள். படம் எடுக்குமுன் வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள். நான் அன்று காலை கேட்காமல் எடுத்தவற்றை அழித்துவிட்டேன். தங்கப் புதுச்சேரி வசதி, சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். ஆசிரியர்களாக இருந்தால் இன்னொன்று: பிள்ளைகளை ஓர் இடத்துக்குக் கூட்டிப்போகுமுன், அந்த இடம் யார் வீட்டுக்குச் சோறு போடுகிறது, யார் உடம்பை வாட்டுகிறது என்று பெற்றோரிடம் பேசிவிடுங்கள். பாலாறு பற்றி நான் மறுபடி ஒரு வரியும் எழுதவில்லை. எங்கள் பெற்றோரை இரண்டு முறை கூப்பிட்டுப் பேசியிருக்கிறேன். முன்பு எழுதிக் கிழித்ததைவிட அதிகம் கிடைத்திருக்கிறது.

பஸ் ஏறி வரச் சொன்ன சபீராவுக்கு நன்றி. வேலையைப் போட்டுவிட்டு வந்து பாடத்தை நிறுத்திய தேவகிக்கு அதைவிட அதிகமாக.

சென்ற வாரம் சபீரா போனில் ஒரு செய்தி சொன்னாள். அடுத்த ஆண்டின் உப்புப் பாடத்தைத் திட்டமிடத் தேவகியையும் கூப்பிட்டு உட்காரவைத்தாளாம். முதல் வகுப்பை எதில் தொடங்கலாம் என்று கேட்டதற்கு, அவர் சொன்னாராம்: "மொத நாளு நானே வர்றேன் டீச்சர். பசங்களுக்கு எங்க வேலைய நான் சொல்றேன்."