எல்லாம் இந்த ஊர்ச் சாமான்

என் அப்பா எதையும் நேராகச் சொல்லி நான் கேட்டதில்லை. மழை வருகிறது என்பதைக்கூட, "கொடியில துணி கிடக்குதே" என்றுதான் சொல்லுவார். அப்படிப்பட்ட மனிதர், மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், கிடைத்த வருஷம் டிசம்பர் தொடக்கத்தில், சோற்றைப் பிசைந்துகொண்டே, "இந்தத் தடவை கிறிஸ்துமஸுக்கு எல்லாம் இந்த ஊர்ச் சாமான்தான். சீமைச் சரக்கு ஒண்ணும் வேணாம்" என்று அறிவித்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அம்மா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பா பாட்டுக்குச் சாப்பிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அப்போது நாங்கள் மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குப் பொதுப்பணித் துறையில் ஸ்டோர் கீப்பர் வேலை. எனக்குப் பன்னிரண்டு வயது, தங்கைக்கு ஐந்து. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் வந்தால் அப்பாவின் வெள்ளைக்காரத் துரை ஒரு பெட்டி கொடுத்தனுப்புவார். டப்பாவில் அடைத்த பழக் கேக், பிஸ்கட், ஜாம், எங்களுக்குப் பெயர் தெரியாத ஏதோ ஒரு பாட்டில். அந்தத் துரை மெர்டேக்கா முடிந்த கையோடு மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குக் கப்பலேறிவிட்டார். ஆகவே பெட்டி வராது, அது எங்களுக்கும் தெரியும். ஆனால் பெட்டி வராது என்பது வேறு, வேண்டாம் என்பது வேறு. இல்லாததை வேண்டாமென்று சொல்லும் அளவுக்கு அப்பா ரோஷக்காரர் இல்லை.

அந்த வருஷம் தமிழர் வீடுகளில் இரண்டே பேச்சுதான், போவதா இருப்பதா. எங்கள் தெருவிலேயே இரண்டு குடும்பம் வீட்டுச் சாமானை விற்றுவிட்டுக் கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் ஏறி நாகப்பட்டினம் போய்விட்டது. போனவர்களில் ஒருத்தி என் பள்ளித்தோழி. அவளிடம் போகிற வாரம்வரை அவள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பிறந்தது மலாக்கா ஆஸ்பத்திரியில். ஜனவரியில் கான்வென்டில் பெரிய வகுப்புக்குப் போக வேண்டியவள். அம்மாவின் ஊரும் அப்பாவின் ஊரும் எனக்கு வெறும் பேச்சுதான், கண்ணால் கண்டதில்லை. என்னைக் கேட்டால் நான் போகமாட்டேன். ஆனால் என்னை எவர் கேட்டார்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பா எங்களை ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவுக்கு நேராகக் கூட்டிப்போனார். துணிக்கடையில் எனக்கும் தங்கைக்கும் ஒரே பீஸில் கவுன் துணி, அம்மாவுக்கு வாயில் புடவை. அதோடு விட்டிருக்கலாம். பத்தேக் சாரோங்கை, அந்தப் பூப்போட்ட கைலியை, அடுக்கடுக்காக எடுத்து, "இது இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்" என்று ஒதுக்கிக்கொண்டே இருந்தார். கூடவே ஒரு கட்டு துண்டு. எங்கள் வீட்டில் சாரோங் கட்டுகிற ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான். இத்தனையும் அவர் இடுப்புக்கா? கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "ஊருக்குப் பயணமா அண்ணே?" என்று கேட்டார். அப்பா காதில் விழாத மாதிரி பொட்டலத்துக்குக் கயிறு கட்டினார்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கிருந்து ஊருக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு போக முடியாது. மாமன் மச்சான் தொடங்கி, தூரத்துப் பங்காளி வரைக்கும் ஆளுக்கொரு சாரோங், ஒரு துண்டு, பெண்களுக்கு வாயில் புடவை, பிள்ளைகளுக்கு பிஸ்கட். எவனுக்காவது விட்டுப்போனால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவான். அதனால் ஒருத்தர் வாங்குகிற சாமானைப் பார்த்தே அவர் கப்பல் ஏறப்போகிறார் என்று சொல்லிவிடலாம். துணிக்கடைக்காரருக்கே தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாமலா போகும்?

அன்று மத்தியானம் அடுப்படியில் அம்மா மெல்லிய குரலில், "பாத்தியாடி? இதெல்லாம் ஊருக்குப் போற சாமான்" என்றாள்.

"அப்பாகிட்டயே கேளுங்களேன்மா."

"கேட்டா சொல்லிடுவாரா? 'பாப்போம்'னுவாரு. பதினாறு வருசமா அந்த ஒரே பதில்தான். நீ வாயத் தொறக்காத. மனுசன் தானா சொல்லட்டும்."

அம்மா சொன்னால் சரிதான் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். கண்ணை மூடவில்லை. அப்பா செய்வது ஒவ்வொன்றையும் துப்பறிவாளன் கணக்காகக் கவனித்தேன். ஒரு நாள் ஓலையில் சுற்றிய குலா மெலாகா, அதுதான் இந்த ஊர்த் தென்னை வெல்லம், ஒரு கூடை நிறைய வந்து இறங்கியது. இன்னொரு நாள் புதுக் கயிறு. ஆபீஸ் நாளில் பட்டப்பகலில் வீட்டுக்கு வந்து, கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். எங்கே என்று கேட்டதற்கு, "ஒரு ஜோலி" என்றார். அடுத்த வாரமும் அதே கால்சட்டை, அதே ஜோலி. டிக்கெட் எடுக்கத்தான் போகிறார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். கையாலாகாத ஆத்திரம் என்றால் என்ன என்று எனக்கு அந்த மாசம்தான் தெரிந்தது.

பக்கத்து வீட்டில் இருந்தவர் ஒரு செட்டி அம்மாள். மலாக்காச் செட்டிகள் நம்மவர்கள்தான், சாமி கும்பிடுவதெல்லாம் தமிழ் இந்துக்கள் முறைதான், பேச்சு மட்டும் மலாய். நாங்கள் அவரை மக்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிடுவோம். அந்தக் குலா மெலாகா கூடை மறுநாளே அவர் வீட்டு அடுப்படிக்குப் போனது. எங்களுக்காக அவர் அல்வா மாதிரி இருக்கிற டோடோல் கிண்டித் தருவதாக ஏற்பாடாம். அது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியையும் மக்சிக்கே கெடுத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னிடம், "பாலேக் இந்தியா கா?" என்றார். இந்தியாவுக்குத் திரும்புகிறீர்களா என்று கேட்கிறார். "யார் சொன்னது?" என்றேன். டோடோலைக் காற்றுப் புகாமல், நாள்பட வைக்கிற மாதிரி கட்டிக் கொடு என்று அப்பா சொன்னாராம். கிறிஸ்துமஸுக்குத் தின்கிற பண்டத்தை எதற்கு நாள்பட வைக்க வேண்டும்? கப்பலில் தின்னத்தான், வேறு எதற்கு?

ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். நான் எதிர்பார்த்தது ஒரு சண்டை. அம்மா நினைத்தால் அப்பாவை உலுக்கி உண்மையைக் கக்க வைக்க முடியும். ஆனால் அம்மா, "அப்படியா சொன்னாரு?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தையல் மிஷினுக்குத் திரும்பிவிட்டாள். அந்த நாட்களில் அம்மா எப்போதும் மிஷினில்தான் இருந்தாள். நான் போனால் துணியை மடியில் சுருட்டிக்கொள்ளுவாள். கிறிஸ்துமஸ் கவுன், முன்னாலேயே காட்டக்கூடாது என்று நினைக்கிறாள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஆனால் ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. அப்பா காப்பியில் சர்க்கரை போதவில்லை என்றாலும் அம்மா பதில் பேசாமல் எழுந்து போட்டுக் கொடுத்தாள். சாயங்காலம் மாதா படத்துக்கு முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் முழந்தாள் போட்டாள். ஜெபமாலை சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். பயந்த முகம் மாதிரி தெரியவில்லை. ஒருவேளை இவளும் அப்பாவும் கூட்டுச் சேர்ந்துகொண்டார்களோ என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்தது. பிறகு, சே, அம்மாவும் நம்மைப் போல மாதாவைத்தான் நம்பியிருக்கிறாள் என்று நானும் பக்கத்தில் போய் முழந்தாள் போட்டேன். எங்களை இந்த ஊரிலேயே வையும் தாயே என்று மன்றாடினேன். அம்மா என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மத்தியானம் வாசலில் ஒரு பெச்சா வந்து நின்றது. மூன்று சக்கர வண்டி, ஆள் உட்காருகிற இடத்தில் ஒரு மரப்பெட்டி. நாலு பக்கமும் பலகை அறைந்து, அந்தப் புதுக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தது. பெச்சாக்காரச் சீனரும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சு வாங்க வாங்கப் பின்கட்டுக்குக் கொண்டுபோனார்கள். "யாரும் தொடக்கூடாது. நாளைக்குத் தெரியும்" என்றார் அப்பா. அவர் குளிக்கப் போன சமயம் அம்மா பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தாள். அசையவில்லை.

"கப்பல் சாமான் கட்டுற பெட்டிதான்டி இது" என்றாள்.

"உள்ள என்னம்மா?"

"உங்கப்பா ஆபீஸ் இரும்புச் சாமானா இருக்கும். ஊர்ல போய்க் கடை கிடை போடப் போறாரோ என்னமோ."

நாளைக்குத் தெரியும் என்றால், நாளைக்கு எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். அன்று சாப்பிடாமலே படுத்தேன்.

மறுநாள் காலைப் பூசையில் பிரசங்கத்தில் ஒரு வார்த்தை என் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரு பெரிய மனிதத் தோரணையோடு நடு வீட்டில் நின்றுகொண்டார். மேசையில் எல்லாம் அவர் சொன்ன மாதிரியே இந்த ஊர்ச் சாமான். போர்ச்சுகீசியர் வீட்டில் சொல்லி வாங்கிய ரவை கேக், மக்சிக் கட்டிக் கொடுத்த டோடோல், பாசார் கோழி, தஞ்சோங் கிளிங் மீன். மக்சிக்கின் புருஷனுக்கு ஒரு சாரோங், வாசலுக்கு வந்த ஆபீஸ் லாரி டிரைவர்களுக்கு ஆளுக்கொரு சாரோங், ஒரு துண்டு, டோடோல் ஒரு பொட்டலம். துரை இருந்தால் அவர்களுக்கும் பெட்டி கொடுப்பாராம், இனிமேல் நாம்தான் கொடுக்க வேண்டுமாம். டோடோல் அவர்கள் பத்து பெரெண்டாம் என்கிற ஊரைத் தாண்டித் தங்கள் கிராமத்துக் கம்பங்களுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் வைத்துத் தின்பார்களாம். அடுக்கடுக்காக இருந்த துணி என் கண் எதிரிலேயே கரைந்தது. என் நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. அம்மா மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

பிறகு அப்பா பின்கட்டில் பெட்டியைப் பெயர்த்தார். வைக்கோலை எடுத்தால், உள்ளே அம்மியும் குழவியும். புத்தம் புதுசு. புக்கிட் சீனா பக்கம் கல்லறைக்குக் கல் செதுக்குகிற சீனரிடம் சொல்லிச் செய்தாராம். அதுவரை அம்மா மக்சிக் வீட்டுக் கல்லில்தான் மசாலா அரைத்துக்கொண்டு வந்தாள், இன்றைக்கோ நாளைக்கோ கிளம்பப் போகிறவர்களுக்கு எதற்குக் கல் என்று அப்பாவே சொல்லி வந்தார்.

"அன்னைக்கு வெள்ளக் கால்சட்டயப் போட்டுக்கிட்டுப் பிரஜாவுரிமை ஆபீஸ்ல போய் கையத் தூக்கிச் சத்தியம் பண்ணிட்டேன்" என்றார் அப்பா. "நான் இனிமே இந்த நாட்டுப் பிரஜை. உனக்கும் எழுதிக் கொடுத்துருக்கேன். போறதா இருக்கறதான்னு இனிமே பேச்சே கிடையாது."

நான் கத்திய கத்தலில் மக்சிக் வேலியோரம் ஓடிவந்துவிட்டார். அப்பாவைக் கட்டிக்கொண்டேன், தங்கையைத் தூக்கிச் சுற்றினேன். அம்மா குனிந்து குழவியைக் கொஞ்சம் உருட்டிப் பார்த்தாள்.

"இத கப்பல்ல ஏத்த மாட்டாங்க, இல்லீங்க?"

"எதுக்கு ஏத்தணும்?" என்று அப்பா சிரித்தார்.

அம்மா உள்ளே போனாள். நான் சாப்பிடக் கூப்பிடப் போனபோது கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப்பெட்டியை வெளியே இழுத்து வைத்திருந்தாள். அதில் ஒரு பழைய கம்பளி, அவளுடைய கல்யாணப் புடவை, இவற்றுக்கு மேலே நான் கண்டிராத, சின்னதும் பெரிதுமாகப் பாவாடை சட்டைகள். எல்லாம் அந்த மாசம் மிஷினில் தைத்தவை. ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில்மேல் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு விளங்கவே நேரமாயிற்று. என்னோடு சேர்ந்து அப்பாவைச் சந்தேகப்பட்ட அம்மா, அந்தச் சந்தேகம் நிஜமாக வேண்டும் என்று காத்திருந்திருக்கிறாள்.

"ஊருக்குப் போவோம்னு இருந்தீங்களாம்மா?"

"உங்க சித்திய வயித்துல பிள்ளையோட விட்டுட்டு வந்தேன். அந்தப் பொண்ணுக்கு இப்ப உன்ன விட நாலு வயசு கூட." ஒரு சட்டையை என் தோளில் வைத்து அளவு பார்த்தாள். "உனக்குப் பெரிசாத்தான் இருக்கு. ரெண்டு வருசம் கழிச்சுப் போட்டுக்க."

"அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே."

"எங்கிட்ட யாரு கேட்டா?"

எனக்கு அப்பாமேல் வந்த கோபம் இன்றுவரை முழுசாக இறங்கவில்லை. என்ன செய்வது, நான் ஆசைப்பட்டதைக் கொடுத்ததும் அவர்தான்.

புதுக் கல்லை உடனே புழங்க முடியாது. அரிசியை அரைத்து அரைத்துக் கொட்டி, கல் மணல் போனபிறகுதான் மசாலா வைக்கலாம். அம்மா அன்று சாப்பாடு ஆனதும் வாயில் புடவையை மாற்றிவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து அரைக்கத் தொடங்கினாள். நாளைக்குச் செய்யலாமே என்றேன், கேட்கவில்லை. சாம்பல் நிறத்தில் வந்த மாவை வழித்து வழித்துக் கோழிக்குப் போட்டாள். சாயங்காலம் அப்பா முற்றத்துக்கு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெருமையாக நின்றார்.

"எப்படி, கல்லு நல்லாருக்கா?"

அம்மா நிமிர்ந்து பார்க்காமலே, "நல்ல கல்லுங்க" என்றாள். "என் ஆயுசுக்கும் தேயாது."

அப்பா சிரித்துக்கொண்டே உள்ளே போய், பெச்சாக்காரருக்கு எடுத்து வைத்த டோடோலைத் தேடினார்.