தாலிக்கொடியில் ஒரு ரோமப் பேரரசன்

லண்டனில் தங்களிடம் உள்ள ரோமத் தங்கக்காசைக் காட்டி விசாரிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் போனது 1991 ஐப்பசியில். என் மனைவி மலரின் தாலிக்கொடியில் பவுன் காசுகளோடு ஒரு பழைய காசும் இருந்தது. ஒரு பக்கம் ஆண் முகம், மறுபக்கம் கதிரையில் அமர்ந்த பெண். மலர் அவளை இலட்சுமி என்று நம்பி வெள்ளிக்கிழமைகளில் குங்குமம் வைப்பாள். நகைக்கடைக்காரரோ, "இது டூப்ளிகேட் அண்ணை, உருக்கி வளையல் செய்யுங்கோ" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அருங்காட்சியகத்துக்குக் கடிதம் போட்டேன், வரச் சொன்னார்கள்.

நாங்கள் இருந்த மோர்டனில் காலை 9.40க்கு ரயில். ஒருநாள் டிக்கெட் ஆளுக்கு இரண்டு பவுண்ட் அறுபது. நாற்பது நிமிடத்தில் டொட்டன்ஹாம் கோர்ட் ரோடு, பிறகு ஏழு நிமிட நடை. எங்கள் அகதி வழக்கு அப்போது முடியவில்லை. களவுப் பொருள் என்று பறித்துவிட்டால்? மலர் கோட்டின் மேல் பட்டனைத் திறக்கவேயில்லை.

அருங்காட்சியகத்தில் பெண் அதிகாரி ஒருவர் வந்து, உள்ளே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும் என்றார். காசு கொடியோடு பற்றவைத்தது, தனியே வராது. தாலியைக் கழற்ற நேரும் என்று எனக்குத் தோன்றவேயில்லை, மடையன்! எங்கள் பெண்கள் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளாமல் தாலியைக் கழற்ற மாட்டார்கள்.

"முன்னமே சொல்லியிருந்தா ஒரு கயிறு கொண்டு வந்திருப்பனே" என்றாள் மலர், கண் கலங்க. ஆனாலும் கழற்றிக் கொடுத்தாள்.

கதவு மூடியது. நான் கதவையே பார்த்தபடி இருந்தேன். மலர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்டுக்குப் போட்டு வாறன்" என்று எழும்பினேன்.

"ஒரு இடமும் போக ஏலாது. பேசாம இருங்கோ."

பதினெட்டு நிமிடம். அதிகாரி சிரித்தபடி வந்தார். அசல் ரோமத் தங்கம்! இலைமாலை சூடிய முகம் பேரரசன். கிளையும் செங்கோலும் ஏந்தி இருப்பவள் சமாதான தேவியின் கோலத்தில் அவன் தாய் என்பார்களாம். அரசன் தான் போகாத ஊருக்கெல்லாம் இப்படித்தான் முகத்தை அனுப்பியிருக்கிறான். எங்கள் பக்கம் மிளகு வாங்க வந்த காசாக இருக்கலாம் என்றார்.

கொடி கழுத்தில் ஏறிய பிறகுதான் மலர் என் கையை விட்டாள். விரல் தடம் சிவந்திருந்தது.

போகிறவர்கள் கடிதம் போட்டு நாள் குறித்துப் போங்கள். காசைப் புளி போட்டு மினுக்காதீர்கள். தாலிக் காசென்றால் மஞ்சள் கயிறு கட்டாயம்.

திரும்பும் ரயிலில் கேட்டேன்: "காசைத் தராம விட்டிருந்தா என்ன செய்திருப்பீர்?"

"காசோ? அதை ஆர் நினைச்சது! தாலி இல்லாம இருக்கேக்க உங்களுக்கு ஏதும் ஆகிடுமோ எண்டு, நாடி அடிக்குதோ எண்டெல்லோ பிடிச்சுப் பாத்துக்கொண்டிருந்தனான்."