மாமியின் முறை

எட்டு வயதுவரை என் அம்மாவுக்குச் சொந்தபந்தம் என்று யாருமே கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். அப்பாவுக்கு உறவுக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. முகாமில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர்கள் ஏதோ ஒரு வகையில் அப்பாவுக்குச் சொந்தமாக இருப்பார்கள். சண்டைக்குப் பயந்து மன்னார்க் கரையிலிருந்து படகேறி வந்தவர்கள் எல்லாரும். அம்மா மட்டும் தனி. பேச்சும் தனி. மற்றவர்கள் "இஞ்ச வா" என்று கூப்பிட்டால் அம்மா "இங்கன வா" என்பாள். நான் இரண்டு பேச்சுக்கும் ஓடி வருவேன்.

எங்கள் முகாம் அம்பாசமுத்திரத்திலிருந்து சற்றுத் தள்ளி, தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் கால்வாயின் இக்கரையில் இருந்தது. அக்கரையில் வயல்கள், வயல்களுக்கு அப்பால் ஓர் ஊர். அந்த ஊர்க் கோயிலில் வைக்கும் வேட்டுச் சத்தம் எங்கள் வீட்டுக்குள் கேட்கும். அதுதான் அம்மா பிறந்த ஊர் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அப்பா பெயிண்ட் அடிக்கிறவர். அந்த ஊரில் ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போன இடத்தில் அம்மாவைப் பார்த்திருக்கிறார். கல்யாணம் செய்துகொண்டு கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி வந்த அம்மா, அதற்குப் பிறகு அந்தப் பாலத்தில் கால் வைக்கவே இல்லை. கடைகண்ணிக்குப் போவதென்றாலும் மெயின் ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போவாள். நிழல் இருக்கிறது என்பதற்காக அப்படிப் போகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்பாவின் தங்கையை எங்கள் வழக்கப்படி மாமி என்று கூப்பிடுவேன். மாமி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் தையல் மிஷின் வைத்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். அவள் படகில் வந்தபோது அவளுக்கும் ஏறக்குறைய என் வயதுதானாம்.

அந்த வருட ஐப்பசி மழையில் முகாமில் ஒரு பெரியவர் இறந்துபோனார். அதுவரை எங்கள் ஆட்கள் இறந்தால் அக்கரை ஊரின் இடுகாட்டு ஓரத்தில் அடக்கம் செய்ய விட்டிருந்தார்கள். அந்தத் தடவை கூடாது என்றுவிட்டார்கள். இடம் போதவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் பாலத்தின்மேல் மழையில் நின்றார்கள். எதிர்முனையில் ஊர்க்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் எல்லாரும் கரையில் கூடி நின்று பார்த்தோம். அம்மா மட்டும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பொழுது சாயும்வரை பேசிப் பார்த்துவிட்டு, கடைசியில் கால்வாய்க்கரைப் புறம்போக்கிலேயே குழி வெட்டினார்கள். வெட்ட வெட்டக் குழிக்குள் தண்ணீர் ஊறியது. அந்தப் பெரியவரின் மனைவி, "நனையப் போடாதேங்கோ, அவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அதற்கு அடுத்த வாரம் மாமியும் இன்னும் இரண்டு பேரும் அடக்கம் செய்ய இடம் கேட்டு ஒரு மனு எழுதிக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர்தானாம். உட்காரச் சொல்லித் தண்ணீரும் கொடுத்திருக்கிறார். மனுவைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "இதுல இந்த ஊர் ஓட்டர் யாராவது கையெழுத்துப் போட்டிருக்காங்களா?"

யாரும் போட்டிருக்கவில்லை. போடவும் ஆள் இல்லை.

மாமி அன்றிலிருந்துதான் அந்த வேலையைத் தொடங்கினாள். படகில் வந்தவர்களுக்கு இந்த நாட்டில் ஓட்டு இல்லை. ஆனால் முகாமுக்குள்ளேயே உரிமை இருந்தும் அதைக் கேட்டு வாங்காதவர்கள் சிலர் இருந்தார்கள். அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து, இரண்டு நாடுகளும் செய்துகொண்ட பழைய ஒப்பந்தத்தில் இந்தியக் குடியுரிமை பெற்றிருந்த ஒரு தாத்தா, அவர் மனைவி, அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து முகாமுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள். விரல் விட்டு எண்ணிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாமியும் அவள் கூட்டாளிகளும் வீடு வீடாகப் போவார்கள். எந்த அலுவலகத்தில் யாரைப் பார்க்கவேண்டும், என்ன காகிதம் கொண்டுபோகவேண்டும் என்று பொறுமையாகச் சொல்வார்கள். கூட வரச் சொன்னால் கூடப் போவார்கள்.

முகாமில் இதை எல்லாரும் விரும்பவில்லை. ஓட்டு வாங்கினால் வீட்டைப் பறித்துவிடுவார்கள், கதவில் எழுதியிருக்கும் முகாம் எண்ணை அழித்துவிடுவார்கள் என்று பேச்சு கிளம்பியது. அப்பாவுக்கு வேறு காரணம். மன்னாருக்குத் திரும்பிப் போவதற்கு அவர் பெயர் கொடுத்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தார்.

"நாங்கள் இஞ்ச இருக்கவே வந்தனாங்கள்?" என்று ஒருநாள் மாமியிடம் கேட்டார்.

"இருக்க வரேல்லை அண்ணா. ஆனா இருக்கிறம் தானே" என்றாள் மாமி.

அப்பா பிரஷ் கழுவப் போய்விட்டார். தேர்தல் வந்தால் அவருக்குக் கை நிறைய வேலை. சுற்று வட்டாரத்துச் சுவர்களில் எல்லாக் கட்சிச் சின்னங்களையும் அவர்தான் வரைவார். ஒரு சின்னத்துக்கும் இன்னொரு சின்னத்துக்கும் வஞ்சகம் இல்லாமல், எல்லாவற்றையும் ஒரே அழகோடு வரைவார்.

அம்மாவிடம் மாமி கடைசியாகத்தான் வந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, உங்கட பேரும் சேர்க்க வேணும்."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். நீ வேற சோலியப் பாரு."

"ஏன் வேண்டாம்?"

"பேரு சேத்தா ஓட்டு அந்தப் பள்ளிக்கூடத்துலதான் வரும். அங்கன போயி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்கச் சொல்லுத?"

மாமி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு பைய ஒரு வார்த்தை சொன்னாள். "நாங்க போய்க் கேட்டா அது கெஞ்சுறது அண்ணி. நீங்க கேட்டா அவங்க பதில் சொல்ல வேணும். அவ்வளவுதான் வித்தியாசம்."

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது. அன்று அவள் சம்மதம் சொல்லவில்லை. ஆனால் பெரியவரின் மனைவி எங்கள் வாசல் வழியாகக் கால்வாய்க்கரைக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோகும்போதெல்லாம் அம்மா எழுந்து நிற்பாள். எத்தனை முறை அப்படி எழுந்து நின்றாளோ, ஒருநாள் மாமியிடம், "எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு" என்றாள்.

தேர்தலுக்கு முந்தின வாரங்களில் மாமி வீட்டில் வகுப்பு நடந்தது. சோப்பு அட்டைப்பெட்டியில் மாமி ஓர் ஓட்டு இயந்திரம் செய்தாள். அப்பா, "உனக்கு வேற வேலை இல்லை" என்று திட்டிக்கொண்டே அதில் கத்தரிக்காய், பம்பரம், குத்துவிளக்கு என்று படங்கள் வரைந்து கொடுத்தார். தோட்டத்துத் தாத்தா பொத்தானை அழுத்தினால் நான் "பீ...ப்" என்று கத்தவேண்டும். அவர் ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டுக் கையை எடுத்துவிடுவார். "யாருக்குப் போட்டீங்க என்று ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. எனக்கும் சொல்லக் கூடாது" என்று மாமி சொல்வாள். அவர் உடனே, "கத்தரிக்காய்க்குத்தான்" என்பார்.

ஓட்டுப் போடும் நாள் காலையில் அம்மா தலைகுளித்து, கல்யாணப் புடவையைக் கட்டினாள். நான் அதை அதற்கு முன் பார்த்ததில்லை. பாலத்தின் நடுவில் வந்ததும் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். மாமி முன்னால் போனாள். தாத்தாவும் மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். ஊர்த் தெருவில் வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி தெளிப்பதை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போனாள்.

பள்ளிக்கூட வாசலில் போலீஸ்காரர், கைபேசியை உள்ளே கொண்டுபோகக்கூடாது என்றார். மாமி தன் துணிப்பையில் எல்லாருடைய கைபேசிகளையும் வாங்கிப் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கத்துப் பூவரச மரத்தடியில் நின்றாள். "போங்கோ அண்ணி" என்றாள். அவ்வளவு முக்கியமான பொறுப்பை மாமியிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

வகுப்பறைக்குள் மேசை போட்டு அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரமாகக் கட்சி முகவர்கள் பட்டியலும் பென்சிலுமாக இருந்தார்கள். அதிகாரி அம்மாவின் பெயரை உரக்கப் படித்தார். உடனே முகவர்களில் ஓர் இளைஞர் எழுந்தார்.

"சார், இவுங்க முகாம்ல இருக்காங்க. முகாம்காரங்களுக்கு ஓட்டு கிடையாது."

"பேர் இருக்கே" என்றார் அதிகாரி. வண்ணார்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தவராம். ஊர் விவகாரம் எதுவும் தெரியாதவர்.

"பேரு இருக்கும். ஆளு இவுங்கதான்னு யாரு சொல்லுவா?"

அதிகாரி அட்டையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். அட்டையில் இருந்த படம் மைபூசியது மாதிரி இருந்தது, யாராகவும் இருக்கலாம். அவர் நிமிர்ந்து அறையைப் பார்த்துக் கேட்டார். "இவங்களை இங்க யாருக்காவது தெரியுமா?"

வரிசையில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். எல்லாரும் அம்மாவோடு அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், அவளோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் என்பது இப்போது எனக்குத் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் சுவரோரத்தில் ஓரிடத்தைப் பார்த்தார்கள். அங்கே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் குனிந்து பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் ஒரு கட்சியின் முகவர்தான். அம்மா வாசலைப் பார்த்துத் திரும்பினாள். "வா, போவோம்" என்று அவள் என் காதருகில் சொன்னாள்.

அப்போதுதான் அந்த வெள்ளைச் சட்டைக்காரர் பேசினார். தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்குத் தெரியும் சார். இந்த ஊர்ப் பிள்ளைதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் பென்சிலைப் பட்டியலின்மேல் வைத்தார். "கூடப் பொறந்தவ."

 எதிர்ப்புச் சொன்ன இளைஞர் உட்கார்ந்துவிட்டார். அம்மாவின் விரலில் மை வைத்தார்கள். அவள் தடுப்புக்குள் போனாள். இயந்திரத்தின் சத்தம் நான் கத்துவதைவிட நீளமாக இருந்தது. வெளியே வரும்போது அந்த மனிதரைக் கடந்துதான் வரவேண்டும். அம்மா அவர் எதிரில் ஒரு கணம் நின்றாள். அவர் நிமிராமலே, "பிள்ளையக் கூட்டிக்கிட்டு வெயிலுக்கு முன்ன போயிச் சேரு" என்றார். அதற்குமேல் அவர்களுக்குள் பேச்சில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பின் பல வருடங்களுக்கும் இல்லை. ஆனால் மாமி மறுபடி எழுதிய இடுகாட்டு மனுவில் முதல் கையெழுத்து அம்மாவுடையது. அதைப் பேசி முடிவெடுக்க ஊர் கூடியபோது எங்கள் மாமா எதிர்த்துப் பேசவில்லை என்று சொன்னார்கள். இன்று அந்தக் கால்வாய்க்கரையில் எங்களுக்கென்று வேலி போட்ட ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அப்பா அங்கேதான் இருக்கிறார்.

நாங்கள் வெளியே வந்ததும் மாமி அம்மாவின் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மா மாமியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அழுதாளா என்று தெரியவில்லை. தாத்தா வெற்றிகரமாக வெளியே வந்து, யாருக்குப் போட்டேன் என்று சொல்லமாட்டேன் என்று மரத்தடியில் நின்ற எல்லாரிடமும் சொன்னார்.

"மாமி, நீங்க எப்பப் போடுவீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னும் முறை வரேல்லை, பிள்ளை."

முறை என்றால் வரிசை என்று நான் எடுத்துக்கொண்டேன். மாமி போடுவதைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று அடம்பிடித்தேன். அம்மா கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மற்றவர்களோடு போய்விட்டாள். தையல் வேலைக்கும் கடைக்கும் போயிருந்த முகாம் பெண்கள் ஒவ்வொருவராக மத்தியானத்துக்கு மேல் வந்தார்கள். ஒவ்வொருவரையும் மாமி வாசல்வரை கொண்டுபோய் விட்டு, கைபேசியை வாங்கிக்கொண்டு மரத்தடிக்குத் திரும்பி வந்தாள். நான் பூவரச இலையில் பீப்பி செய்து ஊதிக்கொண்டு அவள் முறைக்காகக் காத்திருந்தேன்.

வெயில் இறங்கியது. வரிசை கரைந்து ஒருவரும் இல்லாமல் போனது. போலீஸ்காரர் வாசலுக்கு வந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். "இன்னும் யாராவது இருக்கீங்களா? கேட்ட அடைக்கப் போறோம்."

நான் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன். "எங்க மாமி இன்னும் போடல!"

அவர் மரத்தடியைப் பார்த்தார். "ஏம்மா, காலையில இருந்து இங்கனதான நிக்கீங்க? வாங்க, சட்டுனு உள்ள போங்க."

மாமி அசையவில்லை. "இல்லை சேர். எனக்கு இல்லை" என்றாள்.

"என்ன இல்ல?"

மாமி சிரித்தாள். அவர் அவளைப் பார்த்துவிட்டு, கேட்டை இழுத்துச் சாத்தினார்.

எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. வயல் வரப்பில் நடக்கும்போது வழிநெடுகத் திட்டினேன். எல்லார் போனையும் வாங்கி வைத்துக்கொண்டு நின்றால் இப்படித்தான் ஆகும் என்றேன். அவர் கூப்பிட்டபோதாவது போயிருக்கலாம் அல்லவா என்றேன். இவ்வளவு சொல்லிக்கொடுத்த நீங்களே கோட்டை விட்டுவிட்டீர்களே என்றேன்.

"ஓம் பிள்ளை, என்ர பிழைதான்" என்றாள் மாமி.

"அடுத்த தடவை முதல் ஆளா போகணும்."

"ஓம்."

"சும்மா சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பாலத்தில் ஏறியதும் அவளை நிறுத்தி, என் தலையைக் காட்டினேன். மாமி பையைக் கீழே வைத்துவிட்டு என் தலையில் கையை வைத்தாள். வாயால் எதுவும் சொல்லவில்லை. வெகுநேரம் கையை எடுக்கவும் இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. சத்தியம் வாங்கிவிட்ட சந்தோஷத்தில் நான் அவளை விட்டுவிட்டு முன்னால் ஓடினேன்.