சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

போன வாரம் வேப்பம்பட்டிலிருந்து பட்டணத்துக்குப் போகும் பஸ்ஸில், பக்கத்து சீட்டுப் பையன் போனைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஆன்ட்டி, பஸ்ஸுக்குன்னே தனியா ரோடு வுடப் போறாங்களாம்." பாட்டி என்று கூப்பிடாமல் விட்டானே என்ற சந்தோஷத்தில் நானும் தலையாட்டினேன். நல்ல காரியம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் அதை ஒரு வாளிச் சுண்ணாம்பில் முடித்துவிட்டார்கள் என்று சொன்னால் அவன் நம்பியிருக்க மாட்டான். நீங்கள் நம்புவீர்கள்.

எழுபதுகளின் கடைசி. ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கும்மிடிப்பூண்டியில் புதிது புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த நேரம். நானும் எதிர்வீட்டு சக்குவும் ஒரு திருகாணிக் கம்பெனியில் சேர்ந்தோம். மரை சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பெட்டியில் போடுகிற வேலை. அந்த எண்ணெய் வாசனை எத்தனை சோப்பு போட்டாலும் கையை விட்டுப் போகாது. மத்தியானம் தயிர்சாதத்திலும் அதுதான் மணக்கும். எனக்கோ அது மல்லிகைப்பூ மாதிரி. வெங்காயத்தையும் சாணியையும் தவிர வேறொன்று என் கையில் மணக்கும் என்று அதுவரை யார் கண்டது!

என் அப்பா, நாங்கள் நைனா என்போம், ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "வெளக்கு வெக்கறதுக்குள்ள ஊடு வந்து சேரணும். ஒரு நாள் தப்புனாலும் கம்பெனி கெடையாது."

அவர் சொன்னால் சொன்னதுதான். ஆனால் பஸ் அவர் பேச்சைக் கேட்க வேண்டுமே. தை பிறந்தால் தார் ரோடு முழுக்கக் களம்தான். கேழ்வரகுக் கதிர், கொள்ளுச்செடி எல்லாவற்றையும் ரோட்டை அடைத்துப் பரப்பிவிடுவார்கள். லாரியும் பஸ்ஸும் மிதித்துக் கொடுத்துவிட்டுப் போகும், கூலியில்லாத போரடிப்பு. கேழ்வரகு சாது. கொள்ளுக்கொடி இருக்கிறதே, அது சக்கரத்து அச்சில் சுற்றிக்கொண்டு ஆளைப் பேஜார் பண்ணிவிடும். அதற்காகவே கண்டக்டர் சீட்டுக்கடியில் ஓர் அரிவாள் வைத்திருப்பார். டிக்கெட் கிழித்ததைவிடக் கொடி அறுத்ததுதான் அதிகம் என்பாள் சக்கு.

ஒருநாள் சாயங்காலம் பெரியபாளையம் பக்கத்தில் பஸ் அப்படி மாட்டிக்கொண்டது. ஊர் வந்து இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. நைனா வாசலிலேயே நின்றிருந்தார்.

"நாளைலேந்து போவ வேணாம்."

எனக்கு வாயடைத்துப் போயிற்று. சக்குவுக்கு அடைக்கவில்லை. அவளுக்கு எதுதான் அடைத்தது?

"பெரீப்பா, பஸ்ஸு எங்க நின்னுச்சின்னு கேளுங்க. பெரியபாளயத்தாண்ட உங்க குத்தக நெலத்து முன்னாலதான். உங்க கொள்ளுதான் ரோட்டுல கெடக்குது. கண்டக்டரு அறுத்துகினே கெடந்தாரு."

நைனா உள்ளே போய்விட்டார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. திருகாணியெல்லாம் ஒரு வேலையா என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்கு அது போனால் எல்லாமே போன மாதிரிதான் இருந்தது.

காலையில் நைனாவைக் காணோம். "விடியறதுக்கு முன்னாலயே சைக்கிள எடுத்துகினு போனாரு. நீ கெளம்பு," என்றாள் அம்மா. பயந்துகொண்டேதான் பஸ் ஏறினேன்.

பெரியபாளையம் நெருங்கும்போது டிரைவர் வேகத்தைக் குறைத்தார். ரோட்டின் நடுவில் வாளியும் பழைய துடைப்பமுமாக நைனா. கொள்ளுச்செடியையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, நெடுக வெள்ளையாகக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். முழங்கால்வரை சுண்ணாம்பு.

"இன்னா பெரியவரே, ரோட்டுக்குக் கோலமா?" என்றார் டிரைவர்.

"கோட்டுக்கு இந்தப் பக்கம் உன்னுது. அந்தப் பக்கம் லாரிக்காரன் மிதிச்சிக்கட்டும். எம்பொண்ணு வர்ற பஸ்ஸு இது, நிக்கக்கூடாது."

ஜன்னல் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நான் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு கம்பெனி வாசல்வரை அழுதேன். அப்படியொரு பெருமை.

மற்றவர்கள் முதலில் கேலி செய்தார்கள். அப்புறம் அவரவர் வீட்டுப் பெண்களும் அதே பஸ்ஸில் ஏறத் தொடங்கியதும், கோடு ஒவ்வொரு நிலமாகத் தாண்டி ஊத்துக்கோட்டைப் பக்கம் நீண்டது. மாட்டு வண்டிக்காரர்கள்கூட அதை மதித்து ஒதுங்கிப் போனார்கள். போலீஸ் இல்லை, அபராதம் இல்லை. மழை அழித்தால் யாராவது மறுபடி போடுவார்கள். ரோட்டில் பரப்ப ஒன்றுமே இல்லாத ஆடி மாதத்திலும் நைனா போட்டார்.

அந்தப் பஸ் எப்போதோ நின்றுபோயிற்று. கொள்ளு விளைந்த நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடாகிவிட்டது. நைனாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது நான் எங்கே போனாலும் நிதானமாகத் திரும்பலாம். விளக்கு வைத்து எவ்வளவு நேரமானாலும், ஏன் லேட் என்று கேட்க வாசலில் ஆளில்லை.