இன்றைய வாசகி

எங்களுக்கு முகநூல் கற்றுக்கொடுக்கக் கூப்பிட்டபோது எனக்கு ஐம்பத்து நாலு வயது. சூரமங்கலத்தில் ஒரு கல்லூரியின் கணினி அறை. கிராமத்து நூலகங்களைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் எங்களை எல்லாம் பெஞ்சுக்கு இரண்டு பேராக உட்கார வைத்தார்கள். கூரை ஒழுகுகிறது, ஐயா, கொஞ்சம் பாருங்கள் என்று நான் எழுதிய மனு எந்தக் கட்டுக்குள் கிடந்து மட்கியதோ தெரியாது. முகநூலுக்கு மட்டும் ஒரே வாரத்தில் உத்தரவு வந்துவிட்டது. மத்தியானம் சாம்பார் சாதமும் உண்டு.

பாடம் நடத்திய பெண் "வலைப்பூ" என்று சொன்னதும், ஓமலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த நண்பர் எழுந்து, "ஏனுங்க, அது மல்லிச் சேத்தியா, சம்பங்கிச் சேத்திங்களா?" என்று கேட்டார். அறையே சிரித்தது. மேலதிகாரி சிரிக்கவில்லை. "தினம் ஒரு பதிவு போடணும். லைக் வரணும். லைக் வராத நூலகத்துக்கு ஆளே வரலைன்னு எடுத்துக்குவேன். அதைப் பக்கத்து ஊரோட சேர்த்துட வேண்டியதுதான்" என்றார். சிரிப்பு அடங்கிவிட்டது.

எதை அழுத்த வேண்டும், படத்தை எப்படி ஏற்ற வேண்டும், எல்லாம் சொன்னார்கள். ஏற்றியதை யார் யார் பார்ப்பார்கள் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்டுத் தொலைக்கவில்லை. எங்கள் உத்தியோகத்தில் எழுதுவது எல்லாம் மேலேதான் போகும். வருகைப் பதிவேடோ, மாத அறிக்கையோ, ஊர்க்காரர் ஒருத்தர் அதைப் புரட்டிப் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. முகநூலும் இன்னொரு பதிவேடு என்றே நினைத்துக்கொண்டேன்.

என் நூலகம் பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில். முதல் வாரம் புத்தக அலமாரிகளைப் படம் பிடித்துப் போட்டேன். மூன்று லைக் வந்தது. ஒன்று நானே போட்டது, ஒன்று என் மனைவி, இன்னொன்று அந்த ஓமலூர் நண்பர். "பீரோவை எவன் சார் பாப்பான்? ஆள் முகத்தைப் போடுங்க" என்று அதிகாரி போனில் எரிந்து விழுந்தார்.

ஆளுக்கு நான் எங்கே போவேன்? பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கும் ரிட்டையர்டுகள் நாலு பேர். அவர்களை விட்டால் ஒரே ஒரு பெண்.

வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ஒரு வீட்டு மருமகள் அவள். பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கிவிட்டு, ஆடி முடிந்ததும் கல்யாணம் ஆனவள். புருஷன் போர் போடும் ரிக் லாரியில் வடக்கே இருந்தான். வாரத்தில் மூன்று நாள் வந்து கடைசி நாற்காலியில் சுவர் பார்த்து உட்கார்ந்து குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிப்பாள். கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கம்தான் அவளுக்கு நோட்டு. நான் மாதிரி வினாத்தாளைக் கொடுத்தால், ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, "இதுல ரெண்டு கேள்வியே தப்புங்க சார்" என்பாள். பார்த்தால் கேள்விதான் தப்பாக இருக்கும். இவள் பாஸ் பண்ணாவிட்டால் வேறு எவள் பண்ணுவாள் என்று எனக்கு அப்படி ஒரு கர்வம்.

மகளிர் குழுவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருகிறாள் என்பது எனக்குத் தெரியும். அவளே சொல்லியிருக்கிறாள். "வேலைக்குப் போனா ஊட்டை ஆரு பாக்கறதுன்னு கேப்பாங்க சார். பாஸ் பண்ணிட்டுச் சொல்லிக்கலாமுங்க."

ஒரு வியாழக்கிழமை கேட்டேன். "அம்மிணி, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா? ஆபீசுக்கு அனுப்பணும்."

"ஆபீசுக்குத்தானுங்களே?"

"ஆமாம்மா."

முந்தானையைச் சரி செய்துகொண்டு புத்தகத்தை நிமிர்த்திப் பிடித்தாள். படத்துக்குக் கீழே எழுத எனக்குத் தெரிந்தது ஒரே நடைதான். பதிவேட்டில் எழுதுவதைப் போலவே எழுதினேன். இன்றைய வாசகி. அவள் பெயர், கணவர் பெயர், தெரு. வருகை: செவ்வாய், வியாழன், சனி, காலை 11 முதல் 1 வரை. நூல்: பொது அறிவு. நோக்கம்: அரசு வேலை. அதற்கும் கீழே, உத்தரவுப்படி, என் கைபேசி எண். ஒரு கட்டம் விடவில்லை நான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சாயங்காலத்துக்குள் லைக் குவிந்தது. யாரோ அதை ஊர் வாட்ஸப் குழுவில் தள்ளிவிட்டார்கள். "அசத்திட்டீங்க சார்!" என்று அதிகாரி போன் செய்தார். நானும் மடையனாக வாயெல்லாம் பல்லாக நின்றேன்.

மறுநாள் காலை அவள் புருஷன் பேசினான். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"சாருங்களா? வணக்கமுங்க. சத்தீஸ்கர்ல இருந்து பேசறனுங்க. எம்பட பொண்டாட்டி எத்தனை மணிக்கு வாரா, எத்தனை மணிக்குப் போறான்னு உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்குதுங்க. எனக்குத்தான் தெரியலீங்க. எழுதிப் போட்டதுக்கு ரொம்ப நன்றிங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டான். பதிவை அழித்தேன். அழித்து என்ன புண்ணியம்? ஊரே பார்த்தாயிற்று.

சனிக்கிழமை அவள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் மாமியார் வந்து, இரண்டு புத்தகங்களையும் உறுப்பினர் அட்டையையும் மேஜைமேல் வைத்தாள்.

"சாமி, இனி அவளுக்குப் பொஸ்தகம் குடுக்க வேண்டாமுங்க. பேரை அடிச்சு உட்ருங்க."

"அம்மா, பரீட்சைக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு. ஃபீஸ் கட்டி எல்லாம் ஆச்சு. எழுத மட்டும் விடுங்க. தப்பு என்மேலதான்."

"எங்க ஊட்டு மானத்த ஊருக்கே காட்டிப்போட்டு, அதே வாயில நாயம் பேச வந்துட்டீங்களா?"

மாமியார் சொன்னதில் பாதி நிஜம். பேரேட்டில் அந்தப் பெயரைக் கோடு போட்டு அடித்தேன். திரும்பி வந்த புத்தகம் ஒன்றுக்குள் பாதியில் நின்ற கணக்கோடு ஒரு நாட்காட்டித் தாள் இருந்தது. கொடுத்தனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

பரீட்சை நடந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு நாமக்கல் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ரோட்டை ஒட்டிய கொடிக்காலில் மாமியாரோடு வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தாள். பஸ் சத்தத்துக்கு நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாளா என்று தெரியாது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுத்த மாதம் மறுபடி பயிற்சி, அதே கணினி அறை. விளக்கை அணைத்து, திரையில் ஒரு படத்தைப் போட்டார் அதிகாரி. அவள். புத்தகத்தை நிமிர்த்திப் பிடித்தபடி, சுவர் அகலத்துக்கு. கீழே நான் எழுதிய அத்தனை வரிகளும். நான் அழிப்பதற்கு முன்பே அவர் எடுத்து வைத்திருக்கிறார்.

"இதுதான் மாதிரிப் பதிவு. விவரம் எப்படி எழுதியிருக்கார் பாருங்க. எழுந்திரிங்க சார், எல்லாரும் பாக்கட்டும்."

எழுந்தேன்.

"அந்தப் பொண்ணு பரீட்சை எழுதிட்டாங்களா?"

எழுதவில்லை, எழுத விடாமல் செய்தது இந்தப் படம்தான் என்று அவ்வளவு பேர் முன்னால் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் நூலகத்தையே இழுத்து மூடிவிடுவார்களோ என்று ஒரு பயம் வந்தது.

"எழுதிட்டாங்க சார். நல்லா எழுதியிருக்கேன்னு சொன்னாங்க" என்றேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.