என் கையில் ஒட்டியிருந்த பொய்யன்

முதலில் மன்னிப்பு, பிறகு ஸ்தோத்திரம். போன வருடம் நம் சபைப் பத்திரிகையில் இதே பக்கத்தில், ஜெபத்தில் சர்க்கரை இறங்கியது என்று ஒரு சாட்சி வந்தது. பட்டுச்சேலையில், பல்லெல்லாம் தெரிய ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாளே, அந்த எஸ்தர்தான் இதை எழுதுகிறேன். அது பொய்ச் சாட்சி. வேண்டுமென்று சொல்லவில்லை, ஆனாலும் பொய் பொய்தான். அதை நம்பிக் கால் விரலை இழக்கப் பார்த்தவளும் நான்தான்.

தேக்கா மார்க்கெட்டுக்கு மேலே ஒரு மாடியில் ரவிக்கை தைக்கிறேன். பதினோரு வருடமாகச் சர்க்கரை. தினமும் சாயங்காலம் இன்சுலின் போட வேண்டும், காலையில் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும். ஒரு தடவை குத்திய விரலோடு ஒரு கல்யாணப் பெண்ணின் சந்தன நிறப் பட்டைத் தொட்டுவிட்டேன். கடுகளவு ரத்தம்தான். அந்தப் பெண்ணின் அம்மா போட்ட கூச்சல் மார்க்கெட்டின் மீன் கடை வரைக்கும் கேட்டிருக்கும். அதற்குப் பிறகுதான் மேல்கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரை வாங்கினேன். காசு அளவுக்கு வட்டமாக ஒரு துண்டு. குத்த வேண்டாம், ரத்தம் வேண்டாம், போனைப் பார்த்தால் நம்பர் வரும். நாலுக்குக் கீழே போனால் அபாயம், பத்தைத் தாண்டினால் அதிகம், நடுவில் இருந்தால் பச்சை. பச்சை நிறத்தில் வந்தால் போன் நம்மைப் பாராட்டவும் செய்யும். ஐம்பத்தாறு வயதில் ஒரு போனிடம் பாராட்டு வாங்கிப் பூரித்துப்போனவள் நான். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இனி பிரதர் சாமுவேலைப் பற்றி. பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் புதன்கிழமை ஜெபக்கூட்டம் நடத்துகிறவர். துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். நோய் எங்கே இருக்கிறதோ அங்கே கை வைத்து ஜெபிப்பது அவர் வழக்கம். தலைவலி என்றால் தலை, மூட்டுவலி என்றால் மூட்டு. சர்க்கரைக்கு எங்கே கை வைப்பது? அந்த வட்டத்துக்குள்தான் சர்க்கரை இருக்கிறது என்று அவரே முடிவு செய்துகொண்டார். என் மேல்கையைச் சென்சாரோடு சேர்த்துக் கிடுக்கிப் பிடி பிடித்தார். கண்ணை மூடினார். இருபது நிமிடம் விடவில்லை.

என் போன் பக்கத்து வீட்டு ரூபியின் கையில் இருந்தது. பத்து புள்ளி ஐந்தில் தொடங்கிய நம்பர் இறங்க இறங்க, அவள் ஏலம் விட ஆரம்பித்துவிட்டாள்.

"எட்டு! சிஸ்டர், எட்டு லா! இப்ப ஆறு! பிரதர், விட்டுடாதீங்க, இறங்கிட்டே இருக்கு!"

மூன்று புள்ளி எட்டில் அலாரம் அடித்தது. அது அபாய மணி. எங்களுக்கு அது ஜெய மணியாகக் கேட்டது. கைதட்டினார்கள், அழுதார்கள், நானும் அழுதேன். மறுவாரமே சாட்சி எழுதிக் கொடுத்தேன். இன்சுலினை யாரையும் கேட்காமல் பாதியாக்கினேன். பாலிகிளினிக்கில் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்த நாளையும் தள்ளிப்போட்டேன். டாக்டரைத்தான் கையிலேயே ஒட்டிக்கொண்டு அலைகிறோமே என்ற திமிர்.

அந்த நம்பர் தினமும் அதே கதையைத்தான் சொன்னது. பகலில் கடையில் இருக்கும்போது ஐந்து, ஐந்தரை. சில நாள் நாலுக்கும் கீழே இறங்கி அலறும். உடனே கீழே போய் ஐஸ் போட்ட பண்டோங் வாங்கிக் குடிப்பேன். இனிப்பான ரோஸ் பாலை மருந்து என்று நினைத்துக் குடித்த சர்க்கரை நோயாளி சிங்கப்பூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து உடை மாற்றியதும் நம்பர் ஏற ஆரம்பிக்கும். பிரதர் சாமுவேலிடம் கேட்டேன்.

"வேலை முடிஞ்சு வந்தா உங்க விசுவாசமும் களைச்சுப் போகுது போல, சிஸ்டர்" என்றார்.

அதையும் நம்பினேன். அறிவை அடகு வைத்தவளுக்கு எந்த விளக்கமும் போதும்.

அப்போதுதான் குண்டூசியை மிதித்தேன். கடைக்குள் செருப்புப் போடமாட்டேன். சர்க்கரையில் பாதம் மரத்துப்போயிருந்ததால் மிதித்தது எனக்குத் தெரியவே இல்லை. கீழே கிடந்த வெள்ளை லைனிங் துணியில் சிவப்பாகப் பார்த்துத்தான் காலைத் தூக்கினேன். விரல் ரத்தம் படக்கூடாது என்று சென்சார் வாங்கினேனே, இப்போது கால் ரத்தம் பட்டது. மருந்து தடவினேன். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம் ஆயிற்று. ஆறவில்லை. வலது கால் பெருவிரல் ஓரம் கறுத்தது. பிறகு வாடை வந்தது. மெஷின் பெடலை மிதிக்கும் கால் அது. போனில் பார்த்தால் ஐந்து புள்ளி ஆறு, பச்சை, பாராட்டு. நம்பர் நன்றாக இருக்கிறது, புண் அழுகுகிறது. பயத்தில் சாப்பாடு இறங்கவில்லை. கிளினிக்குக்குப் போகவும் துணிவில்லை. சுகமாகிவிட்டது என்று படம் போட்டுச் சொன்னவள் எந்த முகத்தோடு போவது?

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைக் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிங் மேசையில் தலையைக் கவிழ்த்தேன். அது அழகான ஜெபம் இல்லை. "ஆண்டவரே, ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. எதுன்னு காட்டும். எனக்குப் புரியிற மாதிரி காட்டும், நான் மக்கு" என்றேன். அவ்வளவுதான். ஆமென்கூடச் சொன்னேனா தெரியாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தால் லலிதா டீச்சர் நிற்கிறார். மகள் கல்யாணத்துக்கு ரவிக்கை கொடுத்திருந்தார். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. எப்போது வந்தாலும் ஒரே புகார்தான். அன்றும் போட்டுப் பார்த்த கையோடு ஆரம்பித்தார்.

"கை ரொம்பப் பிடிக்குது, எஸ்தர்."

"நீங்க சதை போட்டுட்டீங்க, டீச்சர். எலாஸ்டிக் மாதிரி பிடிச்சாத்தான் கை அழகு."

இறுக்கமான கைதான் என் கடையின் பெருமை. முழங்கை வரைக்கும் தோலோடு தோலாக ஒட்டி நிற்கும். நான் போட்டுக்கொள்வதும் அதே தையல்தான். நிற்கச் சொல்லி, இடுப்பைச் சுற்றிப் பத்து நிமிடத்துக்கு மேல் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். அவர் கைப்பைக்குள் அலாரம் அடித்தது. எனக்குத் தெரிந்த அதே அலறல்.

"பாருங்க, உங்க தையல் என் சென்சார நெருக்குது" என்று அலுத்துக்கொண்டார். "அழுத்தினா அது கண்டபடி கம்மியாக் காட்டும். உங்க கைக்குள்ளயும் ஒண்ணு துருத்திட்டிருக்கே, இது தெரியாதா?"

என் வாயில் மூன்று குண்டூசி இருந்தன. எடுத்து வைத்துவிட்டு என் கையைப் பார்த்தேன். நானே அளவெடுத்து, நானே தைத்து, நானே பெருமைப்பட்ட அந்தக் கைக்குள் சென்சார் மூச்சுத் திணறிக் கிடந்தது. பகலெல்லாம் நல்ல நம்பர், வீட்டில் தொளதொள கவுன் போட்டதும் ஏறும் நம்பர், பிரதர் சாமுவேலின் கிடுக்கிப் பிடி, எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

டீச்சரிடம் விரல் குத்திப் பார்க்கும் கருவி இருந்தது. புது ஊசி மாற்றிக் குத்தினார். என் போனில் ஐந்து புள்ளி மூன்று. கருவியில் பத்தொன்பது புள்ளி இரண்டு. என் ரவிக்கைக் கையை நானே கத்தரிக்கோலால் கிழித்தேன். அப்புறம்தான் பொய்யன் மெதுவாக உண்மையைக் கக்கினான்.

காலைக் காட்டினேன். டீச்சர் குனிந்து பார்த்தார். டாக்சி பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பாதி தைத்த ரவிக்கையைக் கழற்றக்கூட நேரம் பார்க்கவில்லை. இடுப்பில் குண்டூசி குத்தக் குத்த, ஐந்து மணி நேரம் என்னோடு உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் விரலை எடுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். உடம்பு ஒன்று சொல்லி நம்பர் வேறு சொன்னால் குத்திப் பார்க்க வேண்டும் என்று சென்சார் பெட்டியோடு வந்த தாளிலேயே இருக்கிறதாம். நான் அந்தத் தாளில் ஹூக் சுற்றி வைத்திருந்தேன்.

பதினோரு நாள் வார்டு, இரண்டு மாதம் கட்டு. நகம் போயிற்று, விரல் இருக்கிறது. பெடல் மிதிக்கிறேன்.

இந்துக் கோயிலுக்குப் போகிற ஒரு டீச்சர் மூலமாகவா கர்த்தர் பதில் கொடுப்பார் என்று நம்மில் சிலர் முணுமுணுத்தது என் காதுக்கு வந்தது. சபையில் இத்தனை பேர் இருந்தீர்கள். ஒருவராவது என் கையைத் தளர்த்தச் சொன்னீர்களா? இறுக்கிப் பிடித்தவர்கள்தானே எல்லாரும். நான் கேட்டது புரியிற மாதிரி ஒரு பதில். தையல்காரிக்குத் தையலிலேயே வந்தது. இதைவிட என்ன வேண்டும்? டீச்சர் ரவிக்கையைப் பிரித்துக் கையைத் தளர்த்தித் தைத்துக் கொடுத்தேன். இப்போது கடையில் யார் கை பிடிக்கிறது என்றாலும் வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன்.

கட்டுப் பிரித்த வாரம் ஜெபக்கூட்டத்துக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். பிரதர் சாமுவேல் எழுந்து வந்தார், கை தானாக என் மேல்கைக்கு நீண்டது.

"தலையில வைங்க, பிரதர்" என்றேன்.

வைத்தார். இந்த முறை சத்தமில்லாமல், சுருக்கமாக ஜெபித்தார். முடிந்ததும் நான் எல்லார் முன்னாலும் விரலைக் குத்திப் பார்த்தேன். ஏழு புள்ளி நாலு. யாரும் கைதட்டவில்லை. அதுவே எனக்கு நிம்மதியாக இருந்தது. கருவியை மூடப்போகும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு தடவ பாரும்மா" என்றார். "ரத்தம் பாத்து எட்டு வருஷமாச்சு. பயமா இருந்துச்சு."

அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பதினாறு புள்ளி எட்டு.

கிரேன் ஓட்டிய அந்தக் கையின் விரலை நானே பஞ்சால் துடைத்துவிட்டேன். அதுவரைக்கும் அவர் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மறுநாள் காலையில் பாலிகிளினிக்குக்கு நானே கூட்டிப்போனேன். வரிசையில் உட்கார்ந்து அவருக்காக ஜெபித்தேன், கையைத் தொடாமல்.

பிரியமானவர்களே, நம்புங்கள். கேட்டால் கர்த்தர் காட்டுவார், எனக்குக் காட்டினார். ஆனால் காட்டும்போது பார்க்க வேண்டும். புதன்கிழமை ஏழரைக்கு வாருங்கள். கருவி என்னிடம் இருக்கும், ஆளுக்கொரு புது ஊசியும் இருக்கும். முதலில் விரலை நீட்டுங்கள், பிறகு ஸ்தோத்திரம் சொல்வோம்.