ராகு காலத்துக்கு முன் எரிந்த விளக்குகள்

நைனாவின் பிக்கப் வண்டியில் கூடுதல் விளக்குகள் மாட்டிய அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

புத்தூரிலிருந்து திருப்பதி மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போகிறவர் என் அப்பா. விடியுமுன் கிளம்பவேண்டும். அந்த இருட்டில் திருமலைக்கு நடந்து போகிறவர்கள் சாலையோரம் கூட்டமாகப் போவார்கள். யார்மீதாவது மோதிவிடுவோமோ என்ற பயத்தில்தான் விளக்கு வாங்கினார்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் முடித்து, ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் பேனல் வயரிங் செய்கிறேன். அன்று எனக்கு லீவு. மெக்கானிக் ஷெட்டில் எலக்ட்ரீஷியன் ரிலேவைக் கையில் எடுத்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது.

"பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள ஒரு தபா எரிஞ்சிடணும்பா" என்றார் நைனா.

"அப்ப ரிலே வேணாண்ணா. ஹெட்லைட் வயர்லயே சேத்துட்றேன். அஞ்சே நிமிசம்."

"அந்த வயரும் சுவிட்சும் இவ்ளோ லோடு தாங்காது" என்றேன். "ரிலே போட்டாதான் கரண்டு பேட்டரிலருந்து நேரா விளக்குக்குப் போவும். நீ சொல்றதுல ஃபியூஸும் இல்ல."

அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதந்தா நீக்கெந்துக்கும்மா?" இதெல்லாம் உனக்கெதுக்கு என்று தெலுங்கில் கேட்டான். "போயி டீ சொல்லு."

நைனா சிரித்தார். என் டிப்ளமோவைச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிற மனிதர் சிரித்தார். பத்து இருபத்தைந்துக்கு விளக்கு எரிந்தது. கற்பூரம் காட்டி, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள்.

ஐந்தாம் நாள் ரேணிகுண்டாவுக்கு முன்னால் சுவிட்ச் உருகி, புது விளக்குகளோடு ஹெட்லைட்டும் அணைந்துபோனது. சற்று முன்னால் ஒரு குடும்பம் நடந்துபோய்க்கொண்டிருந்தது. இருட்டிலேயே பிரேக்கை மிதித்து நிறுத்தியிருக்கிறார்.

"பெருமாள்தான் காப்பாத்தினாரு" என்றார் வீட்டுக்கு வந்து.

"ரிலே போடாதேன்னும் பெருமாள்தான் சொன்னாரா?"

வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை நானே பிரித்தேன். கருகிய வயரை வெட்டி எறிந்து, புது சுவிட்ச் வைத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தனி வயர் இழுத்து, ரிலே மாட்டினேன். எர்த் வயருக்காகப் பாடியில் பெயிண்டைச் சுரண்டியதில் விரல் கிழிந்தது. நல்ல நேரம் எதுவும் பார்க்கவில்லை.

மாலையில் விளக்குகளை எரியவிட்டிருந்தபோது பக்கத்து வண்டிக்காரர் வந்து பார்த்தார். "சூப்பரா கீதுண்ணா. யாரு போட்டது?"

"அதான், நம்ம ஷெட்டு ஆளு" என்றார் நைனா.

நான் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன். பானெட்டுக்குள் கையை விட்டு ஃபியூஸைப் பிடுங்கினேன். விளக்குகள் அணைந்தன.

"ஷெட்டு ஆளையே கூப்புடு நைனா. வந்து எரிய வைக்கட்டும்."

பக்கத்து வண்டிக்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். நைனா தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"எம் பொண்ணு போட்டது" என்றார், வாய்க்குள்ளேயே.

"கேக்கல."

"எம் பொண்ணுதாம்பா போட்டது!"

ஃபியூஸைச் செருகினேன்.